திரும்ப முளைத்த லேபிள்கள்

"நான் சொல்றதைக் கேட்டா நீங்களும் சிரிப்பீங்க. பரவாயில்ல, சிரிச்சு முடிச்சிட்டாவது சொல்லுங்க, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா இல்லையான்னு," என்றாள் அந்தப் பெண்.

சர்வேயர் சிரிக்கவில்லை. பொதுவாகவே அவர் சிரிக்கிற ஜாதி இல்லை. சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். தீப்பிடித்த குடோன்களுக்குள் போய், எது எரிந்தது, எது எரிந்ததாகக் கணக்குக் காட்டப்படுகிறது என்று பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுகிற சர்வேயர். வேலையை விட்டு நாளாகிவிட்டது. போலீஸுக்குப் போனால் கேலி செய்வார்கள் என்கிற மாதிரியான விவகாரங்களோடு ஆட்கள் இவரைத் தேடி வருவது மட்டும் நிற்கவில்லை.

கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனன், படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்திருந்தான். வயது நாற்பதை நெருங்குகிறது. எல்லாரும் அவனை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்ததே மாதம் நிறைவதற்கு முன்னால்தான் என்று அவன் அக்கா, அதாவது சர்வேயரின் மனைவி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

வந்திருந்தவள் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவள். முப்பது வயது இருக்கும். தூங்கிப் பல நாளான கண். மடியில் ஒரு துணிப்பை. அதைப் பிடித்திருக்கிறாளா, தள்ளிவிடப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் அவளுடைய நாத்தனார், கணவனின் மூத்த அக்கா, அவள் கையைத் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாம சொல்லு கண்ணு, நான் இருக்கேன்ல," என்றாள் நாத்தனார்.

மருந்துக்கடைப் பெண் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே துணியில் இருக்கிற வாஷ்கேர் லேபிள் உரசினால் அவளுக்குத் தோல் தடித்துப்போகும். எப்படித் துவைக்க வேண்டும், எந்தச் சூட்டில் அயர்ன் செய்ய வேண்டும் என்று படம் போட்டு உள்பக்கம் தொங்குமே, அந்த லேபிள். புதுத் துணி வாங்கினால் விலை அட்டையை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் வெட்டுவாள். இந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு.

"கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பச்சை டாப்ஸ் போட்டேன். இடுப்புல சுருக்குனு உரசுச்சு. திருப்பிப் பார்த்தா லேபிள் இருக்கு. நான் வெட்டின லேபிள். மறந்திருப்பேன்னு நினைச்சுத் திரும்ப வெட்டினேன். அடுத்த வாரம் இன்னொண்ணுல இருந்தது. அப்புறம் இன்னொண்ணு. வெட்ட வெட்ட முளைக்குது சார். இவர்கிட்ட, எங்க வீட்டுக்காரர்கிட்ட, சொன்னேன். முதல்ல சிரிச்சார். அப்புறம் சிரிக்கிறதை நிறுத்திட்டார். அதுதான் எனக்குப் பயமா இருந்தது."

"யாராவது திரும்பத் தைச்சிருக்கலாமே," என்று அவசரம் முந்திக்கொண்டான்.

"கைத்தையல்னா எனக்குத் தெரியாதா? கடையிலேர்ந்து எப்படி வருமோ அப்படியே தையலுக்குள்ளேர்ந்து வருது. லேபிளோட போயிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் அடுப்பை அணைச்சிட்டுத் துணி காயப் போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தா அடுப்பு எரிஞ்சிட்டிருக்கு. பாப்பா பக்கத்துல உட்கார்ந்து விளையாடிட்டிருக்கா. அணைச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். ஆனா லேபிளை வெட்டினதும்தானே நல்லா ஞாபகம் இருக்கு?"

இந்த ஒரு கேள்விதான் அவளை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு ஞாபகம் பொய் என்றால் மற்றதை எப்படி நம்புவது? சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிப்போன ஒருவரின் பின்னால் தெருமுனைவரை ஓடி, அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்திருக்கிறாள். சரியான மாத்திரைதான். ஆனாலும் அன்றோடு வேலைக்கு லீவு போட்டுவிட்டாள். மகளுக்கு நாலு வயது. அவளைக் குளிப்பாட்டக்கூடப் பயமாக இருக்கிறது என்றாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு இவர் சொல்லியிருக்கார். இன்னிக்குச் சாயங்கால பஸ்ஸுல பாப்பா இந்த அண்ணியோட போறா. அண்ணிக்கு வேற ஊர்க் கிளைக்கு மாத்தலாயிருக்கு. நான்தான் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். என் பக்கத்துல இருக்கிறதைவிட அங்க பத்திரமா இருப்பா. ஆனா போனா திரும்ப எங்கிட்ட வருவாளான்னு தெரியல. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்கிட்டயாவது கேட்டுடணும்னு வந்தேன்."

"நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், இதுக்கெல்லாம் எதுக்குத் துப்பறியணும்னு. பிடிவாதமா நின்னா. தனியா விட மனசு வரல, கூட வந்தேன்," என்றாள் நாத்தனார்.

"பையில என்ன?" என்றார் சர்வேயர்.

"ரெண்டு டாப்ஸ். அயர்ன் கடையிலேர்ந்து வந்த மூட்டையை இன்னிக்குக் காலைலதான் பிரிச்சேன். ரெண்டுலயும் இருந்தது. யார்கிட்டயும் காட்டல, அண்ணிகிட்டகூட. காட்டி என்ன ஆகப்போகுது? அப்படியே திணிச்சிட்டு வந்துட்டேன்." பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். தப்பான நுனியை இழுத்ததில் முடிச்சு இறுகியதுதான் மிச்சம்.

"குடு இப்படி," என்று நாத்தனார் பையை வாங்கி ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். நீல நிற டாப்ஸை எடுத்தாள். அழாதே என்பதுபோலத் தம்பி மனைவியின் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் உள்பக்கத்தை வெளியே திருப்பியது. விரல்கள் அக்குளில் தொடங்கி ஒரு பக்கத் தையலைப் பிடித்தபடி வழுக்கிக்கொண்டு இறங்கி, கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே நின்றன. வெள்ளை லேபிள் வெளியே வந்து விழுந்தது. "இதானே?" என்று சர்வேயரிடம் நீட்டினாள்.

சர்வேயர் இரண்டு டாப்ஸையும் மேசைமேல் விரித்துப் போட்டுப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் லேபிள் இடது பக்கத் தையலில் இருந்தது. நீலத்தில் வலது பக்கத்தில் இருந்தது. நீலத்தின் இடது பக்கத்தில் அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு ஜிப் வைத்திருந்தது. அவர் பார்த்தது அவ்வளவுதான், அதையேதான் அவசரமும் பார்த்தான். ஆனால் பார்ப்பதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரம் ரொம்பக் குறைவு.

"துணி யார் துவைக்கிறது?"

"நான்தான்."

"அயர்னுக்கு?"

"இவர்தான் கொண்டுபோவார், கொண்டுவருவார். கடை அவங்க ஃபேக்டரிக்கு எதிர்லதான் இருக்கு. இவர் அங்க ஸ்டோர் கீப்பர். நூல், பட்டன், லேபிள் எல்லாம் இவர் பொறுப்பு. அண்ணியும் அங்கதான், தையல் லைன் சூப்பர்வைசர்."

"ஆமாங்க, மூட்டையைக் கொண்டுபோறது வர்றது எல்லாம் அவன்தான்," என்றாள் நாத்தனார். "நான் இவ துணியைத் தொட்டதுகூட இல்ல. அவங்கவங்க துணி அவங்கவங்க பொறுப்பு, எங்க வீட்டுல அப்படித்தான்."

"இந்த டாப்ஸெல்லாம் போட்டா வேற ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

மருந்துக்கடைப் பெண் தயங்கினாள். "சொன்னா அதுக்கும் சிரிப்பீங்க. ஒரு பக்கம் இறுக்குது. குண்டாயிட்டேன்னு அண்ணி சொல்றாங்க. ஒரு பக்கம் மட்டும் எப்படிங்க குண்டாக முடியும்?"

"அவ மனசு சரியில்லாததுக்குத் துணி என்ன பண்ணும்," என்று நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பழுப்பு எங்க வாங்கினது?"

"ரெடிமேடு. கடையில எடுத்தது."

"நீலம்?"

"எங்க தெருமுனை டெய்லர் தைச்சது. துணியா எடுத்துக் குடுத்தேன்."

முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தடவத் தொடங்கியது. சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். துணி இரண்டும் தன்னிடம் இருக்கட்டும், பஸ்ஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து பதில் சொல்கிறேன் என்றார்.

அவர்கள் படியிறங்கியதும் அவசரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அத்தான், இது புருஷன் வேலைதான். லேபிள் அவன் ஸ்டோர்ல கொட்டிக்கிடக்கு. மூட்டையும் அவன் கையில. பொண்டாட்டியைப் பைத்தியம்னு ஆக்கிட்டு ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம்னு பார்க்கிறான். இன்னும் என்ன வேணும்?"

"லேபிள் கையில இருந்தாப் போதுமா? அதைத் துணிக்குள்ள எப்படி வைப்பே?"

"எப்படின்னா, ஊசி நூல்..." அவசரம் பாதியில் நிறுத்தினான்.

சர்வேயர் பழுப்பு டாப்ஸை உள்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "முன் துண்டு, பின் துண்டு. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வைப்பாங்க. நடுவுல லேபிளோட வாலைச் சொருகுவாங்க. அப்புறம் ஓவர்லாக் மிஷின்ல ஒரே ஓட்டமா ஓட்டுவாங்க. அது தைக்கும், ஓரத்தையும் நூலால சுத்திக் கட்டும். அதனால லேபிளோட வால் தையலுக்குள்ள மாட்டிக்கும். நீ கத்திரியால வெட்டினாலும் உள்ளே ஒரு நுனி பாக்கி இருக்கும். இதுல அந்த நுனி இல்ல. அப்படின்னா?"

"தையலைப் பிரிச்சு, நுனியை எடுத்துட்டு, புது லேபிளை வைச்சுத் திரும்ப ஓவர்லாக் அடிச்சிருக்காங்க."

"பரவாயில்லையே. இப்ப இன்னொண்ணு. ஓவர்லாக் மிஷின்ல ஊசிக்குப் பக்கத்துலயே ஒரு கத்தி உண்டு. தைக்கும்போதே பிசிறை வெட்டிக்கிட்டே போகும். ஒருமுறை ஓடினா ஓரத்துல கொஞ்சம் துணி போயிடும். திரும்ப ஓடினா?"

அவசரம் டாப்ஸைப் பிடுங்கி நடுவில் மடித்து இரண்டு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தான். பொருந்தவில்லை. லேபிள் இருந்த பக்கம் மெல்லிசாக ஒரு கீற்று உள்வாங்கியிருந்தது. அவன் முகத்தில் இருந்த உற்சாகம் வடிந்துபோயிற்று. "அந்தப் பொண்ணு சொன்னது நிஜம். ஒரு பக்கம் இறுக்குது."

"வா, டெய்லரைப் பார்த்துட்டு வந்துடலாம்."

தெருமுனை டெய்லர் ஒடிசலான மனிதர், கழுத்தில் அளவு நாடா. நீல டாப்ஸைப் பார்த்ததும் தன் கைவேலை என்று அடையாளம் கண்டு மலர்ந்தவர், உள்பக்கத்தைத் திருப்பியதும் சிடுசிடுத்தார். "எவன்யா இது? பின்னால தேவைப்பட்டா பிரிச்சு விட்டுக்கட்டும்னு ரெண்டு பக்கமும் உள்ளே துணி தாராளமா விட்டிருந்தேன். இந்தப் பக்கம் பாருங்க, வழிச்செடுத்தாப்ல வெட்டியிருக்கான். ஜிப் பக்கம் மட்டும்தான் நான் விட்டபடி இருக்கு."

"லேபிள் நீங்க வைச்சதா?"

"நான் எங்க லேபிளைக் கண்டேன்? என் சட்டைக்கே லேபிள் கிடையாது."

கடையை விட்டு இறங்கி நாலு அடி வைத்த பிறகுதான் அவசரத்துக்கு முழுசாக உறைத்தது. வெட்டியதை மறந்தாள், வெட்டாததை வெட்டியதாக நினைத்தாள் என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம். பிறக்கும்போதே லேபிள் இல்லாத துணியில் லேபிள் இருந்தால், அதற்கு எந்த மறதியும் பதில் சொல்லாது. அவளுக்குப் பைத்தியம் இல்லை. அவள் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற, ஆறுதல் சொல்லுகிற ஒரு ஆள், உட்கார்ந்து நிதானமாக அவளைப் பைத்தியமாக்கிக்கொண்டிருக்கிறது.

"ஏன் அத்தான், லேபிளை ஏன் எடுத்துக்கணும்? பயமுறுத்தணும்னா ஆயிரம் வழி இருக்கே."

"வேற எதைச் செஞ்சாலும் அவ வெளியில சொன்னா நம்ப ஆள் இருக்கும். 'நான் வெட்டின லேபிள் திரும்ப முளைக்குது'ன்னு சொன்னா? சொல்லும்போதே பைத்தியம் பேசுறாப்ல இருக்கும். அவ வாயாலேயே அவளைக் கவிழ்க்கிற ஏற்பாடு." சர்வேயர் மணி பார்த்தார். பிறகு நடையை எட்டிப் போட்டார். இத்தனை வருஷத்தில் அத்தான் வேகமாக நடந்து அவசரம் பார்த்ததில்லை. அவனும் ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவை ஒட்டிப் பெட்டிகள் தயாராக நின்றன. சின்னப் பெட்டியில் பொம்மையின் கால் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கூடத்தில் நாத்தனார் பயண உடையில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அத்தை வாங்கிக் கொடுத்த புது கவுனைப் போட்டுக்கொண்டு குழந்தை நெளிந்தது, நிமிஷத்துக்கு ஒரு தரம் பிடரியைச் சொறிந்தது. அம்மா சமையலறை நிலைப்படியைத் தாண்டவில்லை. பக்கத்தில் வந்தால் என்ன ஆகுமோ என்று தன்னைக் கண்டே பயந்தவளாக, தூர நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் வந்து நாற்காலி போட்டான். நல்லவனா கெட்டவனா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத, களைத்துப்போன ஆள். "சார், அவ திருப்திக்காக வரச் சொல்லியிருப்பா. பஸ்ஸுக்கு நேரமாகுது. சீக்கிரம் முடிச்சிட்டீங்கன்னா..."

"ஒரே ஒரு வேலைதான் உங்ககிட்ட." சர்வேயர் நீல டாப்ஸை அவன் கையில் கொடுத்தார். "இதுல வாஷ்கேர் லேபிள் எங்க இருக்குன்னு எடுத்துக் காட்டுங்க."

அவன் அலுப்போடு அதைத் திருப்பினான். கை நேராக இடது பக்கத் தையலுக்குப் போயிற்று. அங்கே ஜிப். மேலும் கீழும் தடவினான். பிடரிப் பக்கம் பார்த்தான். மறுபடி இடது பக்கம் வந்தான். "இதுல லேபிள் இல்லையே சார்."

நிலைப்படியில் நின்றவள் அவன் கையிலிருந்த டாப்ஸையே பார்த்தாள். "இருந்தது," என்றாள். "காலைல இருந்ததே. நான் பார்த்தேனே. அதையும் நானா நினைச்சுக்கிட்டேனா?"

"இருக்கும்மா," என்றார் சர்வேயர். அவர் குரல் அவ்வளவு மென்மையாக வரும் என்று அவசரத்துக்கே தெரியாது. "வலது பக்கம் இருக்கு. நீங்க நினைச்சுக்கிட்டது எதுவுமே இல்ல. எதுவுமே இல்ல." பிறகு கணவன் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் இடது பக்கம் தேடினீங்க?"

"லேபிள் இடது பக்கத் தையல்லதானே சார் வரும்? எங்க ஃபேக்டரியில அதான் வழக்கம்."

"அப்ப வலது பக்கம் ஏன் போச்சு?"

"இடது பக்கம் ஜிப் வந்துட்டா லைன்ல மாத்தி வலது பக்கம் வைப்பாங்க. ஆனா அது தைக்கிறவங்க சமாசாரம். எனக்கு லேபிளை எண்ணிக் குடுக்கத்தான் தெரியும்." சொல்லிக்கொண்டே வந்தவன், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்தினான்.

"அயர்ன் மூட்டையைக் கடையில குடுக்கிறது யாரு?"

"நான் பைக்ல கொண்டுபோவேன். ஸ்டோரைத் திறக்கணும்கிறதால அக்காவையும் மூட்டையையும் கேட்டுல இறக்கிவிட்டுட்டு உள்ளே போயிடுவேன். கடையில குடுக்கிறது, வாங்குறது அக்காதான். சாயங்காலம் வரைக்கும் மூட்டை அக்காகிட்டதான் இருக்கும்."

குழந்தையின் பின்னல் பாதியில் நின்றுபோயிருந்தது. நாத்தனார் குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கே," என்றாள். "கடையில குடுக்கிறது ஒரு குத்தமா? லைன்ல தைக்கத் தெரிஞ்சவங்க அந்த ஃபேக்டரி முழுக்க இருக்காங்க. நான் மிஷின்ல உட்கார்ந்தே வருஷக்கணக்காச்சு."

"காலையில, இவ துணியைத் தொட்டதே இல்லன்னு சொன்னீங்க," என்றார் சர்வேயர். "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி இதே நீல டாப்ஸைப் பையிலேர்ந்து எடுத்தீங்க. லேபிள் வந்ததை இவங்க யார்கிட்டயும் காட்டல. அதைச் சொன்னப்ப நீங்களும் கேட்டுட்டிருந்தீங்க. லேபிளையே வேலையா வைச்சிருக்கிற உங்க தம்பி இடது பக்கம் தேடினார், பிடரியில தேடினார், கிடைக்கல. உங்க விரல் நேரா வலது பக்கம் போச்சு. நீங்க துணியைப் பார்க்கக்கூட இல்ல, இவங்க முகத்தைப் பார்த்துட்டிருந்தீங்க. கை மறக்கல. அதுதானே வைச்ச கை."

நாத்தனார் பாதியில் விட்ட பின்னலை மறுபடி கையில் எடுத்தாள்.

"இந்த நீலத்துல நீங்க செஞ்ச தப்பு வேற யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க. இது டெய்லர் தைச்சது. இதுல லேபிளே கிடையாது, வெட்டவும் இல்ல. பிரிச்சப்ப பழைய நுனி இல்லைங்கிறதைப் பார்த்திருப்பீங்க. நுனியையும் சேர்த்துப் பிடுங்கிட்டாளாக்கும்னு நினைச்சிருப்பீங்க. பக்கத் தையலை மூடும்போது லேபிளைச் சொருகாம மூடினா உங்க கைக்கு ஆகாது. எத்தனை வருஷப் பழக்கம். ஜிப் இருக்குன்னு பக்கம் மாத்தவும் தெரிஞ்சுது, வேணாம்னு விடத் தெரியல. போதாததுக்கு ஃபேக்டரி பழக்கத்துல, டெய்லர் விட்டுவைச்ச துணியையும் கத்தி தின்னுடுச்சு."

"அக்கா," என்றான் தம்பி.

நாத்தனார் குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை. "தூக்கத்துல முழிச்சா இவ என்னைத்தான் தேடுறா. போய்க் கேட்டுப் பாருங்க. அம்மா கடைக்குப் போயிட்டா ராத்திரிதான் வருவா. சோறு ஊட்டினது நான், ஜுரம் வந்தா மடியில போட்டுக்கிட்டது நான். வேற ஊருக்குப் போன்னு மாத்தல் போட்டுட்டாங்க. இவ இல்லாம நான் அங்க போய் சுவத்தையா பார்த்துட்டிருப்பேன்? கேட்டா குடுப்பாளா? தானா குடுக்கணும்னா வேற என்ன வழி இருக்கு?"

மருந்துக்கடைப் பெண் நிலைப்படியைத் தாண்டி வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள். "அண்ணி, அன்னிக்கு அடுப்பு?"

"நான்தான் திரும்பப் பத்தவைச்சேன்."

"பாப்பா பக்கத்துல இருந்தா அண்ணி."

"நான் கதவுக்குப் பின்னாடியேதான் நின்னுட்டிருந்தேன். அவளுக்கு ஒண்ணும் ஆக விட்டிருக்க மாட்டேன்." அதை அவள் சமாதானம்போலச் சொன்னாள். அந்தக் கூடத்தில் அதைவிடக் குலைநடுங்கும்படியான வார்த்தையை அன்று வேறு யாரும் சொல்லவில்லை. கதவிடுக்கு வழியாக ஒரு கண், எரிகிற அடுப்பையும் விளையாடுகிற குழந்தையையும், அம்மா எப்போது வந்து அலறுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றதை ஒவ்வொருவரும் மனசுக்குள் பார்த்தார்கள். அவசரம் தன்னை அறியாமல் சுவரோரம் ஒதுங்கினான்.

"பாப்பா, இங்க வா," என்றாள் அம்மா.

நாத்தனாரின் கை குழந்தையின் இடுப்பைச் சுற்றி இறுகியது. சர்வேயர் எழுந்தார், ஆனால் கிட்டே போகவில்லை. குழந்தைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அதற்கு அதன் கஷ்டம். "அம்மா, குத்துது," என்று பிடரியைக் காட்டி அழத் தொடங்கியது. அழுகைச் சத்தம் கேட்டதும் அத்தையின் கை தானாகவே தளர்ந்தது. குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கி அம்மாவிடம் ஓடியது.

நாத்தனார் தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி அவளை பஸ் ஏற்றிவிடப் போனான். போவதற்கு முன் மனைவியிடம், "நான் உன்னை நம்பியிருக்கணும்," என்றான். அவள் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நாள் பிடிக்கும் என்று சர்வேயருக்குத் தோன்றியது.

அம்மா தரையில் உட்கார்ந்து குழந்தையைத் திருப்பி நிறுத்தி, கவுனின் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். பிடரியில் சிவப்பாகத் தடித்திருந்தது, அவளுக்குத் தடிப்பது போலவே. விறைப்பான புது லேபிள். மேசை இழுப்பறையிலிருந்து சின்னக் கத்திரியைக் கொண்டுவரச் சொன்னாள். அவசரம் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தான்.

கத்திரியை வாங்கியவள் வெட்டவில்லை. குழந்தையின் கழுத்துக்குப் பக்கத்தில் கத்திரியோடு தன் கையைப் பார்த்ததும் பழைய பயம் மறுபடி வந்து நின்றது. உண்மை தெரிந்துவிட்டது என்பதற்காகப் பயம் உடனே கிளம்பிப் போய்விடுவதில்லை. குழந்தை, "சீக்கிரம்மா," என்றது.

அவள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, கவுனின் கழுத்தை நன்றாகத் தள்ளிப் பிடித்து, தையலை ஒட்டி வெட்டினாள். வெள்ளைத் துண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை விரித்து சர்வேயரிடம் நீட்டினாள்.

"இதை இப்ப நான்தான் வெட்டினேன். பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேம்மா," என்றார் சர்வேயர்.

அவள் அவசரத்தைப் பார்த்தாள்.

"நானும் பார்த்தேங்க," என்றான் அவன்.

அவள் விரல்களை மடக்கி லேபிளை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு, மகளின் பிடரியில் வாயைக் குவித்து ஊதத் தொடங்கினாள்.